எஃப்.டி.ஏ. கடிதத்தின் முதல் பக்கத்தோடு நின்றுவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்து மருத்துவமனைகளின் திறப்பு விழா அழைப்பிதழ்களிலும் சுவரொட்டிகளிலும் அண்மைக் காலமாக ஒரு வாசகம் அடிக்கடி இடம்பெறுகிறது: ‘அமெரிக்க எஃப்.டி.ஏ. அங்கீகாரம் பெற்ற, முழுவதும் கணினிமயமான லேப்ராஸ்கோப்பி அறுவை அரங்கு’. எஃப்.டி.ஏ. என்பது மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் ஒழுங்குபடுத்தும் அமெரிக்க அரசு அமைப்பு. லேப்ராஸ்கோப்பி என்பது வயிற்றில் சிறு துளைகளிட்டு, கேமராவைச் செலுத்தித் திரையில் பார்த்தபடி செய்யும் அறுவை. பித்தப்பைக் கல், குடல்வால், குடலிறக்கம், கருப்பைக் கட்டி என்று எதற்கும் மதுரைக்கோ திருச்சிக்கோ ஓட வேண்டியிருந்த மக்களுக்கு இந்த வசதி உள்ளூரிலேயே கிடைப்பது மகிழ்ச்சிக்குரியது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த அங்கீகாரம் எந்தக் கருவிக்குக் கிடைத்தது, அதனுடன் எந்தெந்தக் கருவிகள் சேர்ந்திருக்கும்போது அது செல்லும் என்பதை வாங்குவோர் கேட்பதில்லை, விற்போரும் சொல்வதில்லை. மருத்துவக் கருவிப் பராமரிப்பில் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது இவ்வட்டாரத்து அறக்கட்டளை மருத்துவமனைகள் சிலவற்றின் கொள்முதல் குழுக்களுக்கு ஆலோசனை சொல்லிவருபவன் என்ற முறையில், தங்கள் நாளிதழ் வழியாகச் சில செய்திகளைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

லேப்ராஸ்கோப்பி அரங்கில் நோயாளியின் அருகே சக்கரங்கள் பொருத்திய ஓர் அடுக்கு நிற்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். கேமரா கட்டுப்பாட்டுப் பெட்டி, ஒளிமூலம், வயிற்றுக்குள் கரியமில வாயு செலுத்தும் இன்சஃப்லேட்டர், கழுவி உறிஞ்சும் பம்பு, படம் பதியும் ரெக்கார்டர், மேலே மானிட்டர் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். பக்கத்தில், மின்சாரத்தால் திசுவைச் சுட்டு வெட்டவும் ரத்தக்கசிவை நிறுத்தவும் பயன்படும் காட்டரி தனியே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பொத்தான்கள் உண்டு. இவை அனைத்தையும் ஒரே தொடுதிரையிலிருந்தோ அறுவை மருத்துவரின் குரலாலோ இயக்க வழிசெய்வதுதான் மையக் கட்டுப்பாட்டு அமைப்பு. 1990களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவின் கம்ப்யூட்டர் மோஷன் நிறுவனம் ‘ஹெர்மீஸ்’ என்ற பெயரில் குரல் கட்டளைக்குப் பணியும் அமைப்பைக் கொண்டுவந்தது. பின்னர் ஸ்ட்ரைக்கர், கார்ல் ஸ்டோர்ஸ், ஒலிம்பஸ் போன்ற பெரிய நிறுவனங்கள் தத்தம் கருவிகளுக்கேற்பத் தனித்தனி அமைப்புகளை உருவாக்கின. இன்று விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் அந்த வழிவந்தவை.

பார்வைக்கு இது வெறும் ரிமோட் கண்ட்ரோல் போலத் தோன்றலாம். ஆயினும் அது எதற்குக் கட்டளையிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். லேப்ராஸ்கோப்பியில் வயிற்றை உப்பவைத்து உள்ளே இடம் உண்டாக்கப் பொதுவாக 12 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தத்தில் வாயு செலுத்துகிறார்கள். அழுத்தம் அளவுக்கு மீறினால் அடிவயிற்றின் பெருஞ்சிரை நசுங்கி இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. உதரவிதானம் மேலே தள்ளப்பட்டு நுரையீரல் விரிய இடமில்லாமல் போகிறது. நாடித்துடிப்பு சட்டென்று இறங்குவதும் உண்டு. ஒளிமூலத்தின் கேபிள் நுனி எரிந்துகொண்டிருக்கும்போது நோயாளியின் மேல் விரித்த துணியில் பட்டால் துணி கருகும், தீயும் பிடிக்கலாம். காட்டரியின் வாட் அளவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இப்படிப்பட்ட கருவிகளுக்குக் கட்டளை அனுப்பும் பெட்டியைச் சட்டம் வெறும் கணினியாகக் கருதாமல் மருத்துவக் கருவியாகவே கருதுவதற்குக் காரணம் இதுதான்.

அமெரிக்காவில் இத்தகைய அமைப்புகள் எண்டோஸ்கோப்பும் அதன் துணைக்கருவிகளும் என்ற தலைப்பின் கீழ், நடுத்தர அபாயமுள்ள இரண்டாம் வகுப்புக் கருவிகளாக வருகின்றன. அவற்றுக்குரிய வழி, 1976 மே 28 அன்று நடைமுறைக்கு வந்த மருத்துவக் கருவிச் சட்டத் திருத்தத்தின் பயனாக ஏற்பட்ட ‘510(கே)’ முன்னறிவிப்பு. தயாரிப்பாளர் விற்பனைக்குக் குறைந்தது 90 நாட்களுக்கு முன்பே எஃப்.டி.ஏ.வுக்கு அறிவித்து, ஏற்கெனவே சட்டப்படி சந்தையில் உள்ள ஒரு கருவிக்குத் தன் கருவி பயன்பாட்டிலும் பாதுகாப்பிலும் ஈடானது என்று காட்ட வேண்டும். அதை ஏற்றுக்கொண்டால் எஃப்.டி.ஏ. ஒரு கடிதம் தருகிறது. அபாயம் மிகுந்த மூன்றாம் வகுப்புக் கருவிகளுக்கு விரிவான மருத்துவ ஆய்வுச் சான்றுகளைக் கேட்டு அளிக்கப்படும் சந்தை ஒப்புதல் இதிலிருந்து முற்றிலும் வேறானது. 510(கே) கடிதம் பெற்றதைக் காட்டி, அரசு தன் கருவிக்கு ஒப்புதல் அளித்துவிட்டது என்ற தோற்றத்தை ஒரு நிறுவனம் உண்டாக்கினால், அமெரிக்க விதிகளின்படி அதுவே தவறான தகவல் தந்து விற்கும் ‘மிஸ்பிராண்டிங்’ குற்றம் ஆகும். அந்த நாட்டில் எழுதக் கூடாததை நம் ஊர்ச் சுவரொட்டியில் தாராளமாக அச்சிடுகிறோம்.

இந்தக் கடிதத்துக்கு ‘கே’ என்ற எழுத்தும் ஆறு இலக்கங்களும் கொண்ட எண் உண்டு. முதல் இரண்டு இலக்கங்கள் விண்ணப்பித்த ஆண்டைக் குறிக்கும். எண் தெரிந்தால் எஃப்.டி.ஏ.வின் தரவுத்தளத்தில் கட்டணமின்றி யாரும் பார்க்கலாம். கடிதத்தைத் தொடர்ந்து, பயன்பாட்டு நோக்கத்தைச் சொல்லும் பக்கமும், பெரும்பாலும் தயாரிப்பாளர் எழுதிய சுருக்கமும் இருக்கும். மையக் கட்டுப்பாட்டு அமைப்பாக இருந்தால் அது எவ்வகைக் கருவிகளோடு, யாருடைய கருவிகளோடு சேர்ந்து இயங்குவதற்காகச் சோதிக்கப்பட்டது என்ற செய்தி அங்கேதான் கிடைக்கும். புதிய கருவி ஒன்றை இணைக்கும் வசதியைச் சேர்க்கும்போது, அந்த மாற்றம் பாதுகாப்பைப் பாதிக்கக்கூடியதானால், தயாரிப்பாளர் புதிய முன்னறிவிப்போடு மீண்டும் எஃப்.டி.ஏ.விடம் போயாக வேண்டும். ஆகவே அனுமதி பெட்டிக்கு மட்டும் உரியதன்று; பெட்டியும் அதனோடு இணையும் கருவிகளின் பட்டியலும் சேர்ந்ததற்கே உரியது. பட்டியலில் இல்லாத கருவியை இணைத்த மறுநிமிடமே, அந்த இணைப்பைப் பொறுத்தவரை அக்கடிதம் எதையும் சொல்லவில்லை என்றாகிவிடுகிறது.

இவ்வட்டாரத்து மருத்துவமனை ஒன்றில் எனக்குக் காட்டப்பட்ட விலைப்புள்ளியைச் சொன்னால் இது விளங்கும். வழவழப்பான கோப்புறையில் கேட்லாக், விலைப்பட்டியல், ஏ.எம்.சி. எனும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்த விவரம் ஆகியவற்றோடு எஃப்.டி.ஏ. கடிதத்தின் நகலும் இருந்தது. முதல் பக்கம் மட்டும்தான். நகலின் நகல் என்பதால் இலக்கங்கள் மங்கியிருந்தன. ஆயினும் ‘கே’ எண் படிக்கும்படி இருந்தது. தரவுத்தளத்தில் தேடியபோது பயன்பாட்டு நோக்கப் பக்கம் கிடைத்தது. அந்த அமைப்பு அதே நிறுவனத்தின் கேமரா, ஒளிமூலம், இன்சஃப்லேட்டர் ஆகியவற்றுக்கு உரியது. நம்மிடம் விலைப்புள்ளியில் காட்டப்பட்டிருந்த இன்சஃப்லேட்டரோ வேறொரு நிறுவனத்தின் மலிவான மாடல். இரண்டையும் எப்படி இணைப்பீர்கள் என்று கேட்டதற்கு, ‘அடாப்டர் போட்டு நம்ம இன்ஜினியரே செட் பண்ணிடுவார் சார், ஏற்கெனவே பல இடத்தில் ஓடிட்டு இருக்கு’ என்று டீலர் பதில் சொன்னார். ஓடுகிறதா இல்லையா என்பது என் கேள்வியே இல்லை. ஓடாமல் நின்றுவிட்டால் என்ன நடக்கும் என்பதை யார் சோதித்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

அந்தச் சோதனையை நாங்களே டெமோவின்போது செய்து பார்த்தோம். நோயாளிக்குப் பதிலாகப் பயிற்சிக்குப் பயன்படும் மூடிய ரப்பர் பெட்டி ஒன்றை இன்சஃப்லேட்டர் குழாயில் இணைத்து, தொடுதிரையில் அழுத்தத்தை 12 என்று வைத்து, வாயு ஓடிக்கொண்டிருக்கும்போது மெயினை அணைக்கச் சொன்னேன். நம் பகுதியில் மின்தடை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும் வரையிலான அந்தச் சில விநாடிகள் ஒவ்வொரு தியேட்டரிலும் வருபவை. மின்சாரம் திரும்பியதும் இன்சஃப்லேட்டர் உடனே விழித்துக்கொண்டு, தொழிற்சாலையில் வைத்த அளவுக்குத் திரும்பி, அடுத்த கட்டளைக்காகக் காத்து நின்றது. அது சரியான நடத்தைதான். ஆனால் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒரு கணினி போல முழுவதும் மறுபடி தொடங்கச் சில நிமிடங்கள் பிடித்தன. திரை வந்தபோது, கடைசியாக நினைவில் வைத்திருந்த 12ஐ, இன்சஃப்லேட்டரே அந்த அளவில் இருப்பது போலக் காட்டியது. இன்சஃப்லேட்டரின் முகப்பில் ஓர் எண்ணும் திரையில் வேறோர் எண்ணுமாக இரண்டும் எதிரெதிரே நின்றன. ‘அது டிஸ்ப்ளே மட்டும்தான் சார்’ என்றார் இன்ஜினியர். அறுவை மருத்துவரும் மயக்க மருந்து மருத்துவரும் கண்ணால் பார்த்து முடிவெடுப்பது அந்த டிஸ்ப்ளேவைத்தான் என்று சொல்லிவிட்டு, கோப்புறையை மூடினோம்.

தன் கருவிகளுக்கென்றே ஒரு நிறுவனம் வடிவமைத்த அமைப்பில் இந்தச் சிக்கல்களைத் தயாரிப்பாளர் முன்னரே எண்ணிப்பார்த்திருக்க வேண்டும். தொடர்பு அறுந்தால் கருவி எந்த நிலையில் நிற்கும், முகப்புப் பொத்தானுக்கு எப்போதும் முன்னுரிமை உண்டா, திரையில் தெரியும் அளவு அனுப்பிய கட்டளையா அல்லது கருவி திருப்பிச் சொன்ன உண்மை நிலையா, காட்டரி எரியும்போது எழும் மின்காந்த இரைச்சலில் கட்டளை சிதைந்தால் கருவி அதை நிராகரிக்குமா என்பனவெல்லாம் அபாய மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 14971, மென்பொருளுக்கான ஐ.இ.சி. 62304, மின்காந்த இசைவுக்கான ஐ.இ.சி. 60601-1-2 ஆகிய பன்னாட்டுத் தரநிலைகளின்படி ஆராயப்பட வேண்டியவை. அடாப்டரைப் போட்டு இணைத்த உள்ளூர்ப் பொறியாளர் இவற்றில் ஒன்றையும் செய்திருக்க மாட்டார். செய்வதற்கு வேண்டிய ஆவணங்கள் அவரிடம் இருக்கவும் வாய்ப்பில்லை.

மின்கசிவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மருத்துவ மின்கருவிகளுக்கான அடிப்படைத் தரநிலையான ஐ.இ.சி. 60601-1, தனித்தனிக் கருவிகளைப் பற்றிப் பேசிவிட்டு, பல கருவிகளை இணைத்து ஒரே தொகுதியாக்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதற்கென்றே ஒரு பிரிவை ஒதுக்கியிருக்கிறது. ஒவ்வொரு கருவியின் கசிவும் வரம்புக்குள் இருந்தாலும், எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் அவற்றின் கசிவு மின்னோட்டங்கள் ஒரே எர்த் கம்பியில் கூடிவிடுகின்றன. அந்தக் கம்பி அறுந்தால், அடுக்கைத் தொடுபவரின் உடல் வழியே அது பாயும். இயல்பு நிலையில் 100 மைக்ரோ ஆம்பியர், ஒரு பழுது ஏற்பட்ட நிலையில் 500 மைக்ரோ ஆம்பியர் என்று தொடு மின்னோட்டத்துக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். நம் செட்டிநாட்டுச் செம்புறைக்கல் பூமியில் சித்திரை, வைகாசி வெயிலில் எர்த் குழி காய்ந்து கிடக்கும்; தண்ணீர் ஊற்றி, ஆண்டுதோறும் அளந்து பார்க்கும் மருத்துவமனைகள் சிலவே. சாதாரண டி.வி.யையும் அலுவலகக் கணினியையும் மருத்துவக் கருவிகளோடு அதே பலகையில் செருகியிருப்பதைப் பல இடங்களில் நானே பார்த்திருக்கிறேன். வெளிநாட்டு ஆய்வகத்தில் நல்ல எர்த்தோடு சோதிக்கப்பட்ட அமைப்பின் சான்றிதழ் இந்தப் பலகையைப் பற்றிப் பேசாது.

இனி நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். பலரும் எண்ணிக்கொண்டிருப்பதற்கு மாறாக, அமெரிக்க அனுமதி இருந்தால் இந்தியாவில் விற்கலாம் என்று எந்த விதியும் சொல்லவில்லை. 1940ஆம் ஆண்டு மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் சட்டத்தின் கீழ் 2017இல் மருத்துவக் கருவி விதிகள் கொண்டுவரப்பட்டு, 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அப்போது குறிப்பிட்ட சில வகைக் கருவிகளே சட்டத்தின் பிடிக்குள் இருந்தன. 2020 பிப்ரவரி 11 அறிவிக்கை மூலம், மென்பொருள் உட்பட ஏறத்தாழ எல்லா மருத்துவக் கருவிகளும் அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டன. அபாயத்தின் அளவைப் பொறுத்து ஏ, பி, சி, டி என்று நான்கு வகுப்புகள் பிரித்து, முதல் இரண்டுக்கு 2022 அக்டோபர் 1 முதலும் மற்ற இரண்டுக்கு 2023 அக்டோபர் 1 முதலும் உரிமம் கட்டாயமாக்கப்பட்டது. உள்நாட்டில் தயாரிக்கப்படும் ஏ, பி வகுப்புக் கருவிகளுக்கு மாநில அதிகாரியும், சி, டி வகுப்புகளுக்கு மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பும் உரிமம் வழங்குகின்றன. இறக்குமதி எந்த வகுப்பாயினும் மத்திய அமைப்பின் கையில்தான்.

இறக்குமதி உரிமம் எம்.டி.-15 என்ற படிவத்தில் வழங்கப்படும். அதில் கருவியின் பொதுப்பெயர், மாடல், பயன்பாட்டு நோக்கம், வகுப்பு ஆகியவை அட்டவணையாக இருக்கும். அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், கனடா, ஜப்பான், ஆஸ்திரேலியா ஆகியவற்றில் தடையின்றி விற்கப்படுவதற்கான சான்று இருந்தால் இங்கே விண்ணப்பம் எளிதாகும் என்பது உண்மை. ஆனால் அது விண்ணப்பத்துக்குத் துணை நிற்கும் காகிதமே, உரிமத்துக்கு மாற்றாகாது. டீலரும் மருத்துவக் கருவி விற்பதற்கென எம்.டி.-42 பதிவுச் சான்றோ மருந்து விற்பனை உரிமமோ வைத்திருக்க வேண்டும். கருவியின் பின்புறத் தகட்டிலோ உறையிலோ இறக்குமதியாளர் பெயர், முகவரி, உரிம எண் ஆகியவை இருந்தாக வேண்டும். கொள்முதல் குழு உறுப்பினர் ஒருவர் குனிந்து அடுக்கின் பின்பக்கத்தைப் பார்த்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும். மேற்சொன்ன டெமோவில் கட்டுப்பாட்டுப் பெட்டியின் பின்னால் தயாரிப்பாளரின் தகடு இருந்தது. இந்திய உரிம எண் எங்கும் காணப்படவில்லை.

2020க்கு முன் வாங்கிய எண்டோஸ்கோப்பி அடுக்குகள் நம் மருத்துவமனைகளில் இன்னும் பல ஓடிக்கொண்டிருக்கின்றன. அப்போது அவற்றுக்கு இந்திய உரிமம் தேவைப்படவில்லை என்பதால் அவற்றைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பழைய அடுக்கோடு இன்று ஒரு புதிய கட்டுப்பாட்டுப் பெட்டியைச் சேர்க்கும்போது கேள்வி மறுபடி எழுகிறது. அதற்கு யாரும் விடை எழுதி வைத்திருப்பதில்லை.

செட்டிநாட்டுக்கே உரிய இன்னொரு நிலைமை உண்டு. பர்மா, மலாயா காலந்தொட்டுக் கடல் கடந்து பொருள் ஈட்டி, பிறந்த ஊருக்குப் பள்ளியும் மருத்துவமனையும் கட்டிக்கொடுத்த மரபு இங்கே இன்றும் தொடர்கிறது. இன்று அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் வாழும் பிள்ளைகள், அங்கே ஒரு மருத்துவமனை தன் தியேட்டரைப் புதுப்பிக்கும்போது கழித்துவிடும் கருவிகளைக் குறைந்த விலைக்கோ இலவசமாகவோ பெற்று, கன்டெய்னரில் ஊருக்கு அனுப்ப முன்வருகிறார்கள். அவர்களின் நல்லெண்ணத்தை எந்த வகையிலும் குறைத்துப் பேச மாட்டேன். ஆயினும் இலவசமாக வருகிறது என்பதால் இறக்குமதி விதிகள் தளர்ந்துவிடுவதில்லை. பயன்படுத்திய கருவியைப் புதுப்பித்துக் கொண்டுவருவதற்கென 2017 விதிகளில் தனி வழிவகையும் இல்லை. மையக் கட்டுப்பாட்டு அமைப்பு என்றால் நடைமுறைச் சிக்கலும் கூடும்: அடுக்கு முழுவதும் சேர்ந்து வராது. கேமரா தலை ஒன்று குறைந்திருக்கும், இன்சஃப்லேட்டரை அங்கேயே வேறு தியேட்டருக்கு எடுத்துக்கொண்டிருப்பார்கள், பெட்டிக்குள் இருக்கும் மென்பொருளைத் தயாரிப்பாளர் கைவிட்டு ஆண்டுகள் ஆகியிருக்கும். விடுபட்டதை உள்ளூரில் வாங்கி இட்டு நிரப்பும்போதுதான் மேலே சொன்ன அடாப்டர் கதை தொடங்குகிறது. கடல் கடந்து வட்டித் தொழில் நடத்திக் கொண்டுவிற்ற காலத்தில் ஒரு காசு விடுபடாமல் ஐந்தொகை என்னும் இருப்புக் கணக்கு எழுதிய ஊர் இது. நன்கொடையாக வரும் கருவிக்கும் அதே போல வரிவரியாகக் கணக்குக் கேட்பதில் நன்கொடையாளருக்கு எந்த அவமதிப்பும் இல்லை.

மென்பொருள் பற்றி எழுந்துள்ள புதிய கவலையையும் குறிப்பிட வேண்டும். இந்த அமைப்புகளில் பல இப்போது மருத்துவமனையின் நெட்வொர்க்கோடு இணைந்து, அறுவையின் வீடியோவைச் சேமிக்கவும் வெளியூர் மருத்துவருக்கு நேரலையாக அனுப்பவும் செய்கின்றன. இணையத்தோடு தொடர்பு கொள்ளும் கருவிகளுக்கு, பாதுகாப்புக் குறைகளைக் கண்டறிந்து சரிசெய்யும் திட்டத்தையும், அதில் அடங்கிய மென்பொருள் கூறுகளின் பட்டியலையும் விண்ணப்பத்தோடு தர வேண்டும் என்று அமெரிக்கா 2022 டிசம்பரில் சட்டம் இயற்றி, 2023 மார்ச் 29 முதல் நடைமுறைப்படுத்தியது. அதற்கு முன் அனுமதி பெற்ற பழைய பெட்டிகள் இந்தச் சோதனைக்கு உட்படாதவை. அப்படி ஒன்றை வாங்கி, வரவேற்பறை பில்லிங் கணினி இருக்கும் அதே வைஃபையில் இணைத்துவிட்டு, பாஸ்வேர்டை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவைப்பது எவ்வளவு ஆபத்து என்பதை விளக்கத் தேவையில்லை.

இவ்வளவு கேள்வி கேட்டால் சிறு நகரங்களுக்கு நவீன அறுவை சிகிச்சையே வராது என்று மருத்துவ நண்பர்கள் சிலர் என்னிடம் வருந்தியதுண்டு. அவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. 1990இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் தெஹம்தன் உத்வாடியா பித்தப்பையை லேப்ராஸ்கோப்பி வழியே அகற்றி இந்தியாவில் தொடக்கம் செய்தபோது, தொடுதிரையும் இல்லை, குரல் கட்டளையும் இல்லை. கோயம்புத்தூரில் டாக்டர் பழனிவேலு போன்றோர் இத்துறையை வளர்த்து, அடுத்த தலைமுறை மருத்துவர்களைப் பயிற்றுவித்ததும் தனித்தனிப் பெட்டிகளை வைத்துத்தான். நானும் அதையேதான் சொல்கிறேன். ஒரே தியேட்டரோ இரண்டு தியேட்டரோ உள்ள நம் ஊர் மருத்துவமனைக்கு மையக் கட்டுப்பாட்டு அமைப்பு தேவையே இல்லை என்பது என் கருத்து. அறுவை நடக்கும் நேரம் முழுவதும் அடுக்கின் பக்கத்திலேயே ஒரு தியேட்டர் உதவியாளர் நின்றுகொண்டிருக்கிறார். ‘பிரஷர் பத்து வைம்மா’ என்றால் கை நீட்டிப் பொத்தானை அழுத்துகிறார், அழுத்தியதை வாய்விட்டுச் சொல்கிறார். கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செலவாகும் பணத்தில் நல்ல யு.பி.எஸ்., தனி எர்த், இரண்டாவது இன்சஃப்லேட்டர், அவற்றை ஆண்டுதோறும் அளவுதிருத்தம் செய்யும் ஒப்பந்தம் ஆகியவற்றை வாங்கலாம். விழாவில் ரிப்பன் வெட்டிக் காட்ட யு.பி.எஸ். அழகாக இருக்காது என்பதைத் தவிர அதில் வேறு குறை இல்லை.

பெரிய மருத்துவமனைகளுக்கும் அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கும் இது பொருந்தாது. அங்கே பல தியேட்டர்கள் உண்டு, மாணவர்களுக்கு நேரலையில் காட்ட வேண்டிய தேவை உண்டு, பயோமெடிக்கல் இன்ஜினியரும் பணியில் இருப்பார். அவர்கள் வாங்கட்டும், முழுத் தொகுதியாக, இணைப்புப் பட்டியலோடு வாங்கட்டும்.

ஆகவே சம்பந்தப்பட்டவர்களிடம் சில வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு, மையக் கட்டுப்பாட்டு அமைப்புகளுக்கு உரிமம் வழங்கும்போது, எந்தெந்தத் தயாரிப்பாளரின் எந்தெந்த மாடல்களோடு அது இயங்கச் சோதிக்கப்பட்டது என்ற பட்டியலை உரிமத்தின் பகுதியாகவே ஆக்கி, அமெரிக்கத் தரவுத்தளத்தில் கிடைக்கும் சுருக்கம்போல யாரும் இணையத்தில் பார்க்கும்படி வெளியிட வேண்டும். கருவியின் செயல்திறனைப் பாதிக்கும் வடிவமைப்பு மாற்றத்துக்கு முன் அனுமதி வேண்டும் என்று விதிகள் ஏற்கெனவே சொல்கின்றன. புதிய கருவியை இணைக்கும் மென்பொருள் மேம்பாடும் அதில் அடங்கும் என்று தெளிவாக அறிவித்துவிட்டால், ‘அப்டேட் தானே சார்’ என்ற பேச்சுக்கு இடமிருக்காது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கான டெண்டர்களில் இந்தப் பட்டியலையும், மின்தடையின்போதும் தொடர்பு அறுந்தபோதும் செய்யும் சோதனையின் அறிக்கையையும் கட்டாய ஆவணங்களாகச் சேர்த்தால், தனியார் மருத்துவமனைகளும் தாமாகவே அதைப் பின்பற்றத் தொடங்கும். தனியார் மருத்துவமனைகளை 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்து ஆய்வு செய்யும் மாவட்ட அதிகாரிகள், படுக்கை எண்ணிக்கையையும் கழிவு அகற்றத்தையும் பார்ப்பதோடு, தியேட்டர் கருவிகளின் உரிம எண்களைக் கொண்ட ஒரு பதிவேட்டையும் கேட்டுப் பார்க்கலாம்.

கருவியால் நேர்ந்த கோளாறுகளைத் தெரிவிப்பதற்கென 2015 ஜூலை 6 அன்று தொடங்கப்பட்ட தேசியத் திட்டம் ஒன்று காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்தின் ஒருங்கிணைப்பில் நடந்துவருகிறது. மருத்துவர் மட்டுமல்லாமல் செவிலியரும் பொறியாளரும் நோயாளியும் கூட அதில் புகார் பதியலாம். நம் வட்டாரத்து மருத்துவமனை ஊழியர் பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. திரை உறைந்து நின்றது, அழுத்தம் தானாகக் கூடியது, கேமரா படம் அறுந்தது என்று டீக்கடையில் பேசிக்கொள்ளும் செய்திகளை அந்தப் படிவத்தில் எழுதி அனுப்பினால்தான், எந்த இணைப்பு எங்கே தவறுகிறது என்று ஒழுங்குமுறை அதிகாரிகளுக்குத் தெரியவரும்.

கடைசியாக, அறக்கட்டளை நிர்வாகிகளுக்கும் வெளிநாட்டில் வாழும் நன்கொடையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விலைப்புள்ளி கேட்கும் கடிதத்திலேயே, எம்.டி.-15 உரிமத்தின் முழு நகல், எஃப்.டி.ஏ. அல்லது ஐரோப்பியச் சான்றின் எல்லாப் பக்கங்களும், இணைக்கத்தக்க கருவிகளின் பட்டியல், அதில் தயாரிப்பாளரின் இந்தியப் பிரதிநிதி கையொப்பம் ஆகியவற்றைக் கேளுங்கள். டீலரின் கையொப்பத்தை ஏற்க வேண்டாம். டெமோவின்போது மெயினை அணைத்துப் பாருங்கள். மறுக்கும் டீலரிடம் வாங்காதீர்கள். அமெரிக்காவிலிருந்து கருவி அனுப்ப எண்ணுவோர், கன்டெய்னரைப் பதிவு செய்வதற்கு முன்பே மாடல் எண்களை இங்குள்ள மருத்துவமனைக்கு அனுப்பி, இந்திய உரிமம் உள்ளதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அதே தொகையைப் பணமாக அனுப்புங்கள். தூத்துக்குடித் துறைமுகத்தில் சுங்கத்தில் சிக்கிக் கிடக்கும் கருவிக்கு நாள் வாடகை கட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவக் கருவிப் பொறியாளர்,
தேவகோட்டை.